நிலநடுக்கமே இல்லாமல் சுனாமி எப்படி வருகிறது? டோங்கா எரிமலை பற்றி ஒரு பதில்

கேள்வி: "2022-ல் டோங்காவில் கடலுக்கடியில் எரிமலை வெடித்து சுனாமி வந்தது. பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லாமல் சுனாமி எப்படி வரும்? ஜப்பானில் கணக்கிட்ட நேரத்துக்கு முன்பே கடல் ஏறிவிட்டது என்கிறார்களே, அது எப்படி? அந்தமானில் நமக்கும் ஓர் எரிமலை இருக்கிறதே, பயப்பட வேண்டுமா?"

மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதுக்குப் பதில் சின்னது, கடைசியில் சொல்கிறேன். இரண்டாவதுதான் விஷயமுள்ளது. ஆனால் அங்கே போய்ச் சேர முதல் கேள்வி வழியாகத்தான் போக வேண்டும்.

நம் ஊரில் சுனாமி என்றாலே 2004 டிசம்பர் 26 தான். அன்று சுமத்ராவுக்கு மேற்கே தொடங்கி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடித் தரை பிளந்து நகர்ந்தது. தரை எழும்பிய இடத்தில் அதன் தலைமேல் இருந்த கடலும் சேர்ந்து எழும்பியது. முதலில் பூமி ஆடியது, பிறகு அலை வந்தது. அதனால் பூமி ஆடினால்தான் சுனாமி என்று நமக்குள் பதிந்துவிட்டது. இதில் நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. உலகத்தின் சுனாமி எச்சரிக்கை மையங்களும் பெரும்பாலும் இதே அடிப்படையில் கட்டப்பட்டவைதான். நில அதிர்வுமானி அதிர்வைப் பிடிக்கும், அளவையும் ஆழத்தையும் பார்ப்பார்கள், அலை எப்போது எங்கே வரும் என்று கணினி சொல்லும்.

உண்மையில் சுனாமிக்கு நிலநடுக்கம் கட்டாயமில்லை. ஏராளமான தண்ணீரைக் குறைந்த நேரத்தில் இடம்பெயர்த்தால் போதும். எரிமலைக்கு அதைச் செய்ய ஐந்தாறு வழிகள் உண்டு. வெடித்துத் தள்ளலாம், கொதிக்கும் சாம்பலைக் கடலில் கொட்டலாம், தன் வயிறு காலியாகி உள்ளே அமிழலாம், பக்கவாட்டில் சரிந்து விழலாம். இவை எதுவும் பெரிய நிலநடுக்கமாகப் பதிவாக வேண்டிய அவசியமில்லை. இன்னும் ஒரு வழி இருக்கிறது, அதுதான் ஜப்பானை ஏமாற்றியது.

வெடிப்பிலிருந்து தொடங்குவோம். அடுப்படியில் பார்த்த விஷயம்தான். தோசைக்கல் மிதமாகச் சுட்டிருக்கும்போது தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று உடனே போய்விடும். அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் துளிகள் முத்துமுத்தாக உருண்டு ஓடும், சீக்கிரம் வற்றாது. துளிக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய நீராவிப் படலம் உருவாகி, சூடு நேராக ஏறாமல் தடுப்பதுதான் காரணம். 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும் மாக்மா, அதாவது உருகிய பாறைக்குழம்பு, கடல்நீரைத் தொடும்போதும் முதலில் இந்தப் படலம்தான் உண்டாகிறது. அது நிலைத்தால் ஆபத்து குறைவு. கலங்கி உடைந்தால் நீர் நேராக மாக்மா மேல் பாயும், மாக்மா நொறுங்கும். நொறுங்கிய துண்டுகள் ஒவ்வொன்றும் புதிய சுடுபரப்பு என்பதால் இன்னும் அதிக நீர் ஆவியாகும், அந்த வேகத்தில் மாக்மா மேலும் தூளாகும். நொடிக்கும் குறைவான நேரத்தில் இது சங்கிலிபோல ஓடி முடிந்துவிடும். சாதாரண காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தைப் பிடிக்கும் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த இடத்தில் இருந்த கடல் என்ன ஆகும் என்பது புரியும்.

அப்படியானால் கடலுக்கடியில் இருக்கும் எரிமலை எல்லாமே வெடிகுண்டா என்றால் இல்லை. குக்கருக்குள் அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது அல்லவா? கடலில் 10 மீட்டர் இறங்கினாலே ஒரு காற்றழுத்தம் கூடுகிறது. 2 கிலோமீட்டருக்குக் கீழே 200 மடங்கு. அங்கே நீரால் திடீரென ஆவியாகி விரிய முடியாது. பூமியின் எரிமலைச் செயல்பாட்டில் பெரும்பகுதி நடுக்கடல் மலைத்தொடர்களில், இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறது. கரையில் இருப்பவர் கால் நனைவதில்லை.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஹேவர் எரிமலை. நியூசிலாந்துக்கு வடக்கே கெர்மடெக் வரிசையில், சுமார் 900 மீட்டருக்கும் கீழே வாய் வைத்திருக்கும் எரிமலை அது. 2012 ஜூலையில் வெடித்தது. ஆழ்கடலில் நடந்ததாக நமக்குத் தெரிந்த மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. சுனாமி ஒன்றும் வரவில்லை. கடல்மேல் நுரைக்கல் மட்டும் மிதந்தது, நாம் குதிகால் தேய்க்கிறோமே அதே கல், சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு. விமானத்தில் போன பயணி ஒருவர் சன்னல் வழியாக அதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படங்களைத் தேடிப் பின்னோக்கிப் போய் எரிமலையைக் கண்டுபிடித்தார்கள்.

ஆக, பயப்பட வேண்டியது ஆழத்தில் இருப்பதை அல்ல, மேற்பரப்பை ஒட்டி இருப்பதை. சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரை. அந்த ஆழத்தில் நீரும் தாராளம், அமுக்கி வைக்கும் அழுத்தமும் குறைவு. 1952 செப்டம்பர் 24 அன்று டோக்கியோவுக்குத் தெற்கே மியோஜின்-ஷோ என்ற கடலடி எரிமலையை ஆராயப் போன 'ஐந்தாம் கையோ மாரு' கப்பல் வெடிப்பில் சிக்கி, அதில் இருந்த 31 பேரும் இறந்தது இந்த ரகம்தான்.

ஆனால் வெடிப்பு மட்டும் தனியாகக் கிளப்பும் அலைக்கு ஒரு பலவீனம் உண்டு. குளத்தில் கல் எறிந்தால் விழுந்த இடத்தில் 'டமால்' என்று நீர் எழும்பும், எதிர்க்கரை படிக்கட்டுக்குப் போவதற்குள் சிற்றலையாகத் தேய்ந்துவிடும். எரிமலை சில கிலோமீட்டர் அகலமுள்ள பொருள். அதன் அலையும் நீளம் குறைந்தது, போகப்போகச் சிதறி மெலியும். 2004-ல் 1,300 கிலோமீட்டர் நீளத் தரை தள்ளியது, அதனால் அலை சோமாலியா வரைக்கும் பலத்தோடு போனது. எரிமலைச் சுனாமி பக்கத்து ஊருக்கு எமன், தூரத்து ஊருக்குப் பெரும்பாலும் ஓதமானியில் (கடல்மட்ட ஏற்ற இறக்கத்தை வரையும் கருவி) ஒரு கோடு. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டோங்கா இதை எப்படி மீறியது என்று பிறகு வருகிறது.

அடுத்தது கிரகத்தோவா. ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே சுந்தா நீரிணையில் இருந்த தீவு. 1883 மே மாதமே புகைய ஆரம்பித்தது, ஆகஸ்ட் 27 காலையில் உச்சம். அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 36,417 பேர். 'எரிமலை கொன்றது' என்று எழுதுகிறார்கள், ஆனால் இவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது தண்ணீர். சில இடங்களில் அலை 30 மீட்டரைத் தாண்டி ஏறியது, பத்து மாடி உயரம்.

அன்று காலை 'லவுடன்' என்ற நீராவிக் கப்பல் சுமத்ராவின் தெலுக் பெத்துங் ஊருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. அலை வருவதைப் பார்த்த கப்பல்தலைவர் லிண்டமன் ஓடவில்லை, கப்பலின் முகப்பை நேராக அலைக்குத் திருப்பினார். கப்பல் அலையின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது, பிழைத்தது. திரும்பிப் பார்த்தவர்களுக்கு ஊர் இருந்த இடத்தில் கடல்தான் தெரிந்தது. அதே துறைமுகத்தில் இருந்த 'பெரோ' என்ற போர்ப்படகை அலை தூக்கி, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே கொண்டுபோய்க் காட்டுக்குள் வைத்தது. ஆழ்கடலில் இருந்த மீனவருக்கு 2004-ல் அலை தெரியவே இல்லை, கரையில் இருந்தவர்தான் போனார் என்று நம் கரையில் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கணக்குதான்.

அந்த அலையைக் கிளப்பியது வெடிப்பா, தீவு உள்ளே அமிழ்ந்ததா என்று நெடுநாள் வாதம் நடந்தது. இப்போது அதிகம் பேர் கைகாட்டுவது மூன்றாவது ஆளை: பைரோகிளாஸ்டிக் ஓட்டம். சாம்பல், கல், கொதிக்கும் வாயு எல்லாம் கலந்து மலைச்சரிவில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் பாயும் கலவை. எரிமலைத் தூணின் எடையை மேலே தாங்க முடியாமல் போகும்போது அது அப்படியே சரிந்து பாய்கிறது. கன கிலோமீட்டர் கணக்கில் இந்தச் சரக்கு கடலில் இறங்கும்போது கனமான பகுதி நீருக்குள் புகுந்து நீரை வெளியே தள்ளுகிறது, லேசான பகுதி நீர்மேல் மிதந்தபடி ஓடுகிறது. 1883-ல் அப்படி ஓடியது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடலைக் கடந்து சுமத்ரா கரையில் மக்களைச் சுட்டது. நடுவில் கடல் இருக்கிறது, பத்திரம் என்று நினைத்திருப்பார்கள்.

நம் பக்கத்துக்கும் அன்று செய்தி வந்தது. இலங்கையின் காலி நகரில் கடல் உள்வாங்கியதை மக்கள் பார்த்தார்கள், கிழக்குக் கரையில் ஒரு பெண் இறந்ததாகப் பதிவு உண்டு. சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைமுகங்களில் இந்திய சர்வே துறை வைத்திருந்த ஓதமானிகள் ஏற்ற இறக்கத்தை வரைந்து வைத்தன. மேஜர் பெயர்டு என்ற அதிகாரி அவற்றைத் தொகுத்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். விதி சரியாக வேலை செய்திருக்கிறது: அங்கே 30 மீட்டர், இங்கே காகிதத்தில் கோடு.

ஆனால் ஒரு கோடு மட்டும் இடித்தது. ஆங்கிலக் கால்வாய் வரைக்கும் ஓதமானிகள் அசைந்திருந்தன. கடல்வழியாக அலை அங்கே போயிருந்தாலும் அந்த நேரத்துக்குள் போயிருக்க முடியாது. 1960-களில் பிராங்க் பிரஸ், டேவிட் ஹார்க்ரைடர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கணக்குப் போட்டு, இது காற்றில் போன அழுத்த அலை போகிற இடமெல்லாம் கடலை அசைத்ததன் விளைவு என்று காட்டினார்கள். கட்டுரை வெளிவந்தது, படித்தவர்கள் தலையாட்டினார்கள், எச்சரிக்கை மையங்கள் தங்கள் வேலையைப் பார்த்தன.

டோங்காவுக்குப் போகும் முன் சரிவைச் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேரைக் கொல்லும் வழிகளில் இதுவும் ஒன்று. ஜப்பானின் கியூஷுவில் உன்சென் எரிமலையின் பக்கத்தில் மயுயாமா என்ற குன்று 1792 மே 21 அன்று இடிந்து கடலில் விழுந்தது. சிமபாராவை மண் மூடியது, எதிர்க்கரையில் இருந்த ஹிகோ மாகாணத்தை அலை அடித்தது. ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். 'சிமபாராவுக்குப் பேரிடர், ஹிகோவுக்குத் தொல்லை' என்று அந்தச் சம்பவத்துக்கே பழமொழிபோலப் பெயர் வைத்துவிட்டார்கள். 'எங்கேயோ இடி விழ எங்கேயோ மழை பெய்தது' என்று நாம் சொல்வதன் கசப்பான வடிவம்.

பழைய கிரகத்தோவா இருந்த இடத்தில் 1920-களின் கடைசியில் ஒரு புதிய கூம்பு கடலுக்கு வெளியே தலைகாட்டியது. அனக் கிரகத்தோவா, 'கிரகத்தோவாவின் பிள்ளை'. அது வளர்ந்தது பழைய பள்ளத்தின் செங்குத்தான விளிம்பில். ஒரு பக்கம் பிடிமானம் இல்லாத இடத்தில் வருடாவருடம் எரிமலைக் கல்லைக் குவித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? 2012-ல் சில ஆய்வாளர்கள் அதைத்தான் கணக்கிட்டார்கள்: தென்மேற்குப் பக்கம் 0.28 கன கிலோமீட்டர் சரிந்தால் அலை எவ்வளவு, ஜாவா கரைக்கு எத்தனை நிமிடம். 35 முதல் 45 நிமிடம் என்று எழுதினார்கள்.

2018 டிசம்பர் 22, சனிக்கிழமை இரவு 9 மணி சுமாருக்குத் தென்மேற்குப் பக்கமே சரிந்தது. 338 மீட்டர் உயர மலை 110 மீட்டராகக் குறுகிவிட்டது. விடுமுறைக் காலம், கடற்கரை விடுதிகள் நிரம்பியிருந்தன. அரைமணி நேரம் சுமாரில் அலை வந்தது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எந்தச் சங்கும் ஊதவில்லை. ஊத வைக்கப் பெரிய நிலநடுக்கம் ஒன்றும் இல்லை. அன்று பௌர்ணமி வேறு. அதிகாரிகள் முதலில் இது பௌர்ணமி ஓதம்தான், சுனாமி இல்லை என்று அறிவித்து, பிறகு வருத்தம் தெரிவித்துத் திருத்தினார்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் மேசையில் இருந்த கருவிகள் எல்லாம் பூமியின் அதிர்வைக் கேட்க வைத்தவை. அவை கேட்டவரையில் அன்று பயப்பட ஒன்றும் இல்லை.

இப்போது டோங்கா, தென் பசிபிக்கில் இருக்கும் தீவு நாடு. தலைநகர் நுக்குவாலோஃபாவுக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் ஹுங்கா டோங்கா, ஹுங்கா ஹாபாய் என்று இரண்டு சின்னத் தீவுகள். தீவுகள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான். அடியில் சுமார் 4 கிலோமீட்டர் அகலப் பள்ளம் கொண்ட பெரிய எரிமலை இருந்தது. இந்தத் தீவுகள் அதன் உதட்டில் ஒட்டியிருந்த துணுக்குகள். பள்ளத்தின் தரை முன்பு நீர்மட்டத்துக்குக் கீழே 150 மீட்டர் அளவில் இருந்தது. நான் மேலே சொன்ன அந்த ஆபத்தான ஆழம்.

2021 டிசம்பர் 20-லிருந்தே குமுறிக்கொண்டிருந்தது. 2022 ஜனவரி 15, சனிக்கிழமை மாலை 5 மணியைத் தாண்டியதும் வெடித்தது. சாம்பல் தூண் 57 கிலோமீட்டர் உயரம் போனது. இதுவரை அளந்ததில் இதுதான் உச்சம். சத்தம் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தள்ளி அலாஸ்காவில் கேட்டது. ஓய்ந்த பிறகு அளந்தபோது பள்ளத்தின் தரை 850 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. வெடிப்பு, கடலில் கொட்டிய சாம்பல், தரை அமிழ்ந்தது என்று எல்லா வழிகளும் அங்கே ஒன்றாக வேலை செய்திருக்கின்றன. எது எவ்வளவு தள்ளியது என்று பிரிக்க ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

பக்கத்தில் விதி சரியாக நடந்தது. அலை 15 மீட்டர் வரை வந்ததாக டோங்கா அரசு அறிவித்தது. மாங்கோ தீவில் ஒரு வீடும் மிஞ்சவில்லை, ஃபோனோய்ஃபுவாவில் இரண்டு வீடுகள்தான் நின்றன. ஆனால் டோங்காவில் இறந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பகல்வேளை, எரிமலை பல நாளாகவே மிரட்டிக்கொண்டிருந்தது, காது செவிடுபடும் வெடிச்சத்தம். எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். எரிமலை தன் சத்தத்தாலேயே எச்சரித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரகத்தோவாவின் பிள்ளை இருட்டில் சரிந்தபோது கரையில் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

இன்னொன்று. கடலில் விழுந்த சாம்பல் சரக்கு தரையோடு ஒட்டி மணிக்கு 122 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, பிஜியிலிருந்து வரும் இணையக் கம்பிவடத்தைப் பல பத்துக் கிலோமீட்டருக்குப் பிய்த்தும் புதைத்தும் விட்டது. ஐந்து வாரம் அந்த நாட்டுக்குச் சரியான இணையத் தொடர்பு இல்லை. வெளிநாட்டில் இருந்த டோங்கா மக்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் தவித்த நாட்கள் அவை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சுனாமியின் வேகத்தைக் கையாலேயே கணக்கிடலாம்: கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 4,000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 710 கிலோமீட்டர். டோங்காவிலிருந்து ஜப்பான் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். பதினோரு மணி நேரம் பிடிக்கும். ஜப்பான் நேரப்படி வெடித்தது மதியம் ஒன்றேகால் மணி சுமார். அலை வருவதானால் இரவு பதினொன்று, பன்னிரண்டுக்கு. அதுவும் தூரத்து ஊருக்கு வெறும் கோடுதானே. ஜப்பான் வானிலை ஆய்வு முகமை மாலையில் அப்படித்தான் சொன்னது: கடல்மட்டம் சற்று மாறலாம், சேதம் இருக்காது.

இரவு எட்டு மணி வாக்கிலேயே கடல் அசைய ஆரம்பித்துவிட்டது.

வெடிப்பு காற்றையும் தள்ளியது. அப்படிக் கிளம்பிய அழுத்த அலைக்கு ஹொரேஸ் லாம்ப் என்ற கணித அறிஞர் பெயரால் லாம்ப் அலை என்று பெயர். தரையோடு ஒட்டியபடி நொடிக்கு சுமார் 315 மீட்டர், மணிக்கு 1,100 கிலோமீட்டருக்கும் மேல் போகும். 8,000 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம். இப்போது நேரக் கணக்கு சரியாகப் பொருந்துகிறதா? இந்த அலை பூமியைப் பல தடவை சுற்றியது, உலகமெங்கும் காற்றழுத்தமானிகள் பதிவு செய்தன.

ஆனால் அழுத்தம் கூடியது எவ்வளவு? ஜப்பானில் 2 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில்தான். ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் கடலை ஒரு சென்டிமீட்டர் அமுக்கும். கணக்குப்படி 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்திருக்க வேண்டும். அமாமி தீவில் அளந்தது 1 மீட்டருக்கும் மேல். 2 சென்டிமீட்டர் எப்படி 1 மீட்டர் ஆனது?

நின்றுபோன ஆட்டோவைத் தள்ளியிருக்கிறீர்களா? அது உருளத் தொடங்கியதும் அதன் கூடவே ஓடினால்தான் தொடர்ந்து தள்ள முடியும். நீங்கள் நின்றுவிட்டால் கை விட்டுப்போகும். காற்றலை கடலலையைத் தள்ளுவதும் அப்படித்தான். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் தள்ளல் சேர்ந்துகொண்டே போகும். நொடிக்கு 315 மீட்டர் வேகத்தில் சுனாமி போக வேண்டுமானால் கடல் எத்தனை ஆழம் இருக்க வேண்டும்? 315-ஐ 315-ஆல் பெருக்கி 9.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10,100 மீட்டர். அவ்வளவு ஆழம் உலகில் சில அகழிகளில்தான் உண்டு. அவற்றில் ஒன்று டோங்கா அகழி, எரிமலைக்கு அடுத்த வீடு. பசிபிக்கின் மற்ற இடங்களில் லாம்ப் அலை கடலை முந்திப் போய்விடுகிறது, ஆனாலும் போகிற வழியெல்லாம் ஒரு தள்ளு கொடுத்துவிட்டே போகிறது. அதோடு, அதற்குப் பின்னால் நொடிக்கு 200 மீட்டரை ஒட்டிய வேகத்தில் மெதுவான வேறு காற்றலைகளும் வந்தன. அவற்றின் வேகம் 4,000 மீட்டர் ஆழக் கடலின் சுனாமி வேகத்துக்குக் கிட்டத்தட்ட சமம். ஆட்டோவுக்கு ஏற்ற ஆள் கிடைத்தாயிற்று.

கடைசி வேலையை விரிகுடாக்கள் செய்தன. வாய் நிறைந்த பக்கெட்டைத் தூக்கி நடக்கும்போது நம் நடைக்கும் தண்ணீரின் ஆட்டத்துக்கும் தாளம் ஒத்துப்போய்விட்டால் முழங்கால் நனைந்துவிடும். ஒவ்வொரு விரிகுடாவுக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. அதற்கு இசைவான அலை வந்தால் உள்ளே தண்ணீர் தளும்பித் தளும்பி ஏறும். அதனால்தான் ஒரு துறைமுகத்தில் ஒரு மீட்டர், பக்கத்துத் துறைமுகத்தில் ஒரு சாண். நள்ளிரவு தாண்டி ஜப்பான் எச்சரிக்கை விடுத்தது, சில துறைமுகங்களில் மீன்பிடிப் படகுகள் கவிழ்ந்தன. ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் பெருவின் கடற்கரையில் இரண்டு பேர் அலையில் இறந்தார்கள். கடல்வழி நேர்த்தொடர்பே இல்லாத கரீபியன் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் கூட நீர்மட்டம் அசைந்தது பதிவாயிற்று. 1883-ல் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த கோடு 139 வருடம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறது.

நில அதிர்வுமானிகள் டோங்கா வெடிப்பை 5.8 அளவுக்குச் சமமாகப் பதிவு செய்தன. அந்த அளவு நிலநடுக்கம் பசிபிக்கைச் சுற்றி வாரத்துக்குப் பல வரும், யாரும் சுனாமி எச்சரிக்கை தர மாட்டார்கள். என்னைக் கேட்டால் ஒட்டுமொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. எரிமலைச் சுனாமியைப் பிடிக்க எரிமலையின் வாசலிலேயே தண்ணீரைப் பார்க்கும் கருவி வேண்டும். இத்தாலியில் ஸ்ட்ரோம்போலி தீவில் 2002 டிசம்பர் 30 அன்று மலைச்சரிவால் சுனாமி வந்தது, ஊர் அடிவாங்கியது. பிறகு அங்கே சரிவுக்கு எதிரே கடலில் நீர்மட்டக் கருவிகளை நட்டு, அலை எழும்பினால் யாரையும் கேட்காமல் சங்கு தானே ஊதும்படி செய்துவிட்டார்கள். அலை கரைக்கு வர சில நிமிடமே ஆகும் இடத்தில் அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருக்க முடியாது என்று புரிந்துகொண்ட ஏற்பாடு அது. ஜப்பானும் டோங்காவுக்குப் பிறகு, பெரிய வெடிப்பு நடந்தால் நிலநடுக்கத்துக்குக் காத்திராமல் சுனாமி வாய்ப்பு பற்றித் தகவல் தரும் நடைமுறையைக் கொண்டுவந்தது.

கடைசியாக அந்தமான். நீங்கள் சொல்வது பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர், ஆள் குடியில்லாத தீவு. கடல்மட்டத்துக்கு மேலே 354 மீட்டர்தான் தெரிகிறது, அடியில் 2 கிலோமீட்டருக்கு மேல் மலை இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டு சும்மா இருந்துவிட்டு 1991-ல் விழித்தது, அவ்வப்போது புகைகிறது. இதுவரை பார்த்தவரை எரிகுழம்பும் சாம்பலும் துப்பும் ரகம். டோங்கா மாதிரி வெடித்ததில்லை. அது இருப்பது அந்தமான் தீவு வரிசைக்குக் கிழக்கே. தமிழ்நாட்டுக் கரைக்கும் அதற்கும் நடுவில் அந்தத் தீவு வரிசையே மதிலாக நிற்கிறது, அதைத் தாண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் வேறு. கிரகத்தோவாவே சென்னையில் ஓதமானிக் கோடாகத்தான் வந்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். நம் கரைக்கு உண்மையான ஆபத்து இன்றும் அந்தமான்–சுமத்ரா நிலநடுக்க வரிசைதான். ஹைதராபாதில் 2007-லிருந்து இயங்கும் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அதைத்தான் முதன்மையாகக் கண்காணிக்கிறது.

பாரன் தீவின் பழைய எரிமலை விளிம்பு மேற்குப் பக்கம் உடைந்து திறந்திருக்கிறது, அந்தப் பக்கம் இருப்பது ஹேவ்லாக்கும் மற்றத் தீவுகளும். ஆகவே இதே கேள்வியை அங்கே கடற்கரையில் விடுதி நடத்துகிற ஒருவர் கேட்டிருந்தால் என் பதில் இவ்வளவு சாவகாசமாக இருந்திருக்காது.